இரண்டு மெஷினும் ஒரு கல்லும்

ஜூலை 3, வியாழன்

மினிபஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்று நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் வழக்கம்போலக் கற்கள். செங்கல் துண்டு, பெயிண்ட் டப்பா, மண் நிரப்பிய சோடா பாட்டில், ஒற்றை ஷூ. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கல்தான் வரிசையில் நிற்கிறது. கல்லுக்குச் சொந்தக்காரர்கள் எதிர் நடைபாதையில் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுநடுவே காவலாளி வந்து பெயர் கூப்பிடுவான். ஆள் இல்லாத கல்லைக் காலால் எத்தித் தள்ளிவிடுவான். அதனால் குடும்பத்தில் முறை வைத்துக்கொள்கிறார்கள்: அம்மா டீ குடிக்கப் போனால் மகள், மகள் வேலைக்குப் போனால் மாமன். ஆனால் யாரும் யார் கல்லையும் திருடுவதில்லை. எங்கள் எல் ஆல்ட்டோ நகரத்தில் சட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது என்றால் அது இந்தக் கல் விஷயம் ஒன்றில்தான்.

எங்கள் கம்ப்யூட்டர் அறையின் க்ரோவர் இன்ஜினியர் சாவகாசமாக வந்தார். கையில் கறி அடைத்த சால்தேன்யா, மீசையில் அதன் குழம்பு.

"லிம்பெர், நகராட்சியிலேர்ந்து சாமான் வந்துடுச்சு. இனிமே ஜனங்க வீட்லயே உக்காந்து போன்ல டோக்கன் எடுத்துக்கணும். டைரக்டர் ரேடியோவுலயே சொல்லிட்டார். நீதான் ஏத்தி வைக்கணும்."

சாமான் என்றால் ஒரு புது மெஷின். கூடவே, கணக்குப் பிரிவில் கழித்துக் கட்டிய ஒரு பழைய மெஷின். அதன் பக்கவாட்டுத் தகடு ஆடுகிறது.

"எல்லாத்தையும் புதுசுலயே போடறதா, ரெண்டாப் பிரிச்சுப் போடறதா?"

"நீயே முடிவு பண்ணு. ஒரு பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடு."

"நீங்கதானே சார் தலைவர்?"

"அதனாலதான்பா உன்கிட்டக் குடுக்கறேன்."

அவர் நிரந்தரம். நான் செப்டம்பர் கடைசிவரை ஒப்பந்தம். எதாவது கவிழ்ந்தால் யார் தலை உருளும் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. சம்பளத்தில் பெரிய பங்கு அவருக்கு, பொறுப்பில் பெரிய பங்கு எனக்கு. நல்ல நாடு.

ஜூலை 4, வெள்ளி

ஒரே மெஷின். சிக்கலில்லை. முடிவு செய்தாயிற்று.

ஜூலை 5, சனி

முடிவு செய்யவில்லை.

விஷயத்தை எனக்கே விளங்குகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். வேலை இரண்டு. ஒன்று வாசலில் நிற்கிற வேலை. போனைத் திறப்பவருக்கெல்லாம் பக்கத்தைக் காட்ட வேண்டும், சொல்வதை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும், பதிலை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது வெப் சர்வர். இன்னொன்று உள்ளறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. எந்த டாக்டருக்கு எத்தனை டோக்கன் மிச்சம், யாருக்குக் கொடுத்தாயிற்று, எந்தப் பெயருக்கு என்ன நோய். அது அப்ளிகேஷன் சர்வர். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் பேசிக்கொள்ளக் கம்பி வேண்டாம், வேகம். ஆனால் சாப்பாடு ஒரே தட்டில். வாசலில் கூட்டம் நெரித்தால் வாசல்காரன் தட்டைக் காலி செய்துவிடுவான், உள்ளறைக்காரன் பட்டினி.

பிரித்து வைத்தால் ஆளுக்கொரு தட்டு. ஆனால் இப்போது கெட்டுப்போக இரண்டு மெஷின், நடுவில் ஒரு கம்பி. அதில் ஒன்று கிழம். எது போனாலும் டோக்கன் போச்சு.

படிக்கும்போது இது ஐந்து மார்க் கேள்வி. என்ன பதில் எழுதினேன் என்று ஞாபகமில்லை. மார்க் மட்டும் முழுசாக வாங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மாவுக்கு இன்றும் டோக்கன் கிடைக்கவில்லை.

அவள் இடது கண்ணில் சதை வளர்கிறது. மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கி, மெல்லிய தோல் மாதிரி. இந்த உயரத்து வெயிலிலும் காற்றிலும் தெருவோரம் உட்கார்ந்து கம்பளிக் காலுறை விற்பவர்கள் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. தள்ளுவண்டிக்காரர்களுக்கும் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கத்துகிற பையன்களுக்கும் வருகிறது. கண்ணாடிக் கதவுக்குள் உட்காருகிறவர்களுக்கு வந்து நான் பார்த்ததில்லை. சதை கண்பாப்பாவை மூடுவதற்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும். கண் டாக்டர் கீழே லா பாஸ் நகரத்திலிருந்து செவ்வாய்தோறும் மட்டும் மேலே வருகிறார். அவருக்குப் பத்து டோக்கன்.

"எத்தனாவது கல்லும்மா?"

"பன்னெண்டாவது."

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம்ல?"

"இன்னும் முன்னாடின்னா நேத்தே போயிருக்கணும்டா ராசா."

அவள் கல் ஒரு தட்டையான நடைபாதைக் கல். அதில் சித்தி மகள் யோசெலின் தன் நகப்பூச்சால் சிவப்பாக அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள்: பிரிமிதிவா. அம்மா கல்லை வண்ணத் துணியில் சுற்றி முதுகில் கட்டி எடுத்துவருகிறாள், கைக்குழந்தை மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் இந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அம்மா வாசலில் கல் போடுகிறாள்.

உள்ளே சொல்லி ஒரு டோக்கன் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "பதிமூணாவது கல்லு யாருன்னு தெரியுமா? நம்ம தெரு ரொட்டிக்காரி. நாளைக்கு அவ மூஞ்சில நான் முழிக்கணும்," என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

கல்லூரியில் கூடப் படித்த வால்டோவிடம் போன் பேசினேன். சாந்தா க்ரூஸில் ஒரு வங்கியில் இருக்கிறான்.

"ஒரே மெஷின்லயா? பைத்தியமாடா உனக்கு? நாங்க முன்னாடி நிக்கறதுக்கே எட்டு வெச்சிருக்கோம்."

"என்கிட்ட இருக்கறதே ஒண்ணரை."

"வாங்கச் சொல்லு."

"உங்க வங்கி வாங்கித் தருமா?"

சிரித்தான். பிறகு ஒன்று சொன்னான், அது தூங்கவிடாது. வாசல் மெஷின்தான் ஊரே தொடுகிற மெஷின். எவனாவது பூட்டை உடைத்தால் அதைத்தான் உடைப்பான். எல்லாம் ஒன்றிலேயே இருந்தால் அப்புறம் தடுக்க இன்னொரு கதவு கிடையாது. யாருக்குக் காசநோய், எந்த வீட்டுப் பெண் எதற்காகத் தனியாக வந்தாள் — எல்லாம் வெளியே. எங்கள் தெருவில் அது போதும், ஒருத்தி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக.

சரி, அப்படியானால் இரண்டு. ஆனால் அந்தப் பழைய மெஷினை, அந்தக் கிழவனை நம்பியா? ஒன்று என்றால் அது கெட ஒரு வழி. இரண்டு என்றால் இரண்டு வழி. திருட்டுப் பயத்தைப் பார்த்து முடிவெடுப்பதா, மெஷின் கெடுவதைப் பார்த்து முடிவெடுப்பதா? எந்தப் பயம் பெரியது?

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சுற்றுகிறேன்.

ஜூலை 16, புதன்

லா பாஸ் தினம். விடுமுறை. கீழே வெடி, வாணவேடிக்கை. மேலே எங்களுக்கு அதன் புகை.

ஜூலை 18, வெள்ளி

முடிவை எனக்குப் பதிலாக இன்னொருவர் எடுத்துவிட்டார்.

டைரக்டர் டாக்டர் அலியாகா பழைய மெஷினை எடுத்துப் போய்விட்டார். வாசலில் கேமரா வைக்கப் போகிறாராம். வரிசையில் இடம் விற்கிறவர்களைப் பிடிக்க. கேமராப் படம் சேமிக்க ஒரு மெஷின் வேண்டும், "அந்தப் பழசு சும்மாதானே கெடக்குது?"

பத்து டோக்கனை இருபதாக்க முடியாதவர்கள் பதினோராவது ஆளைப் படம் பிடிக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கும் முன்னால் நிம்மதி வந்தது. அதுதான் எரிச்சல். ஒரே மெஷின் என்று பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தினமும் வருகிற நோயாளிகள் கணக்கைப் பார்த்து, அதைப் போல இரண்டு மடங்கு கூட்டம் வந்தாலும் தாங்குமா என்று ஓட்டிப் பார்த்துவிட்டேன். தாங்கியது.

க்ரோவர் பேப்பரைப் படிக்காமலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 22, செவ்வாய்

தாங்கவில்லை.

ஆறு மணிக்குப் பக்கம் திறந்தது. முதல் இரண்டு நிமிடம் அழகு. க்ரோவர் என் முதுகில் தட்டினார். அப்புறம் பக்கம் மெல்ல மெல்ல நகர்ந்தது. அப்புறம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெப் சர்வர் ஆள் மேல் ஆளாக உள்ளே விட்டுக்கொண்டே போனது. மெமரி முழுவதையும் அதுவே தின்றுவிட்டது. மெஷின் மூச்சு முட்டி, யாரையாவது கொன்றால்தான் பிழைப்போம் என்று அப்ளிகேஷனைக் கொன்றுவிட்டது. நான் எழுப்பினேன். மறுபடி கொன்றது. வாசலில் ஊரே நிற்கிறது, உள்ளே எழுதிக் கொடுக்க ஆளில்லை.

டோக்கன் ஜன்னலில் இருக்கிற ஃபிலோ அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் கம்ப்யூட்டரும் அதே மெஷினைத்தான் கேட்க வேண்டும், அதே வாசல் வழியாக. "சுத்துதுடா! இன்னும் சுத்திட்டே இருக்குதுடா!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள்.

ரேடியோவை நம்பி இன்று யாரும் கல் போடவில்லை. ஏழு மணிக்குமேல் ஜனங்கள் ஓடிவந்தார்கள். யாருக்கு முன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கல் இல்லாத வரிசை வரிசையே இல்லை. தள்ளினார்கள், ஏசினார்கள். ஒரு பெரியவர் விழுந்து கன்னம் கிழிந்தது. காவலாளி கேட்டை மூடினான். கண் டாக்டர் நாலு பேரை மட்டும் பார்த்துவிட்டு, கீழே போகிற கேபிள் கார் பிடித்துவிட்டார்.

கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்தது. அது மட்டும் நன்றாக வேலை செய்தது.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

இதை எழுதாமல் முடியாது.

வீட்டுக்குப் போனேன். சித்தி, யோசெலின், மாமா எல்லோரும் எங்கள் வீட்டில். மேஜையில் சூப், பக்கத்தில் போன்கள்.

"என்னடா உன் பக்கம் இது? விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து தட்டிட்டே இருந்தோம், தொறக்கவே இல்ல," என்றாள் சித்தி.

"நீ ஏன் சித்தி தட்டின? உனக்கென்ன உடம்புக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்கம்மாவுக்காகத்தான்."

"அம்மாகிட்ட போன் இருக்கே?"

"இருந்தா? அவ ஒருத்தியே எப்படி நிப்பா? நான் தட்டினேன், இவ தட்டினா, உன் மாமன் வண்டி ஓட்டிட்டே தட்டினாரு. வெளியூர்ல இருக்கற உன் பெரியம்மாவுக்கும் சொல்லிவிட்டோம். யாருக்காவது தொறக்கும்ல?"

யோசெலின் கண்ணைச் சிமிட்டினாள். "என் கிளாஸ் பொண்ணுங்க நாலு பேரையும் தட்டச் சொன்னேன்டா. ஒவ்வொருத்தியும் ரெண்டு ரெண்டு போன்."

நான் நோயாளிகளை எண்ணியிருக்கிறேன். இந்த ஊரில் வரிசையில் நோயாளியா நிற்கிறான்? குடும்பம் நிற்கிறது. அதைத் தினமும் காலையில் தாண்டித்தானே உள்ளே போகிறேன்! ஜூலை மூன்றாம் தேதி இதே நோட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, மேலே போய், ஒரு நோயாளிக்கு ஒரு போன் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

அம்மாதான் கடைசியில் பேசினாள். "உன் மெஷினை நாங்களே கொன்னுட்டோமா ராசா?"

சிரிப்பு வந்தது. அழுகையும். சூப் ஆறிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

கூட்டம். டைரக்டர், க்ரோவர், நான், ஊழியர் சங்கத்தின் சார்பில் ஃபிலோ அக்கா. டைரக்டர் என் கையெழுத்துப் போட்ட பேப்பரை மேஜையில் வைத்திருந்தார். க்ரோவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மெஷின்னு எழுதினது நீதானே?"

"ஆமா. இன்னொண்ணை எடுத்துட்டுப் போனது நீங்கதானே?"

க்ரோவர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

"அது கேமராவுக்கு."

"கேமராவுல யாரைப் பாக்கறீங்க டாக்டர்? கல்லையா?"

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் ஃபிலோ அக்கா இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். டைரக்டர் சொன்னார்: "எடுத்துக்கோ. ஆனா அடுத்த தடவை ரேடியோவுல நீதான் பேசணும்."

மெஷின் கிடைத்தது. இப்போதாவது தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அன்று என்னைக் கொன்றது கூட்டம். கிழவனை வாசலில் நிறுத்தினால் இந்தக் கூட்டத்தை அவன் தாங்குவானா? புதியதை வாசலில் நிறுத்தி, கிழவனை உள்ளே உட்காரவைத்தால் நோயாளிகள் பெயரெல்லாம் ஆடுகிற தகட்டுக்குப் பின்னால்.

கிழவன் வாசலில். விழுந்தால் விழட்டும். வாசல்காரனிடம் பெயரும் நோயும் இருக்காது, விழுந்தாலும் உடைத்தாலும் கையில் ஒன்றும் கிடைக்காது. ஒரு நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் உள்ளே விடாதே, மற்றவர்களுக்குக் காத்திருங்கள் என்று காட்டு — அதையும் கட்டிவைத்துவிட்டேன்.

இது சரியா? சரி என்று தோன்றுகிறது. போன வாரமும் அப்படித்தான் தோன்றியது.

ஜூலை 29, செவ்வாய்

ஃபிலோ அக்கா கம்ப்யூட்டர் அறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நேராக் கேக்கறேன். எல்லாரும் போன்லயே எடுத்துட்டா என் ஜன்னலை மூடிடுவீங்களா?"

"அதை நான் முடிவு பண்றதில்லக்கா."

"ஒரு மெஷினா ரெண்டு மெஷினான்னு நீதானே முடிவு பண்ணே?"

"அது... அது வேற."

"என்ன வேற? ரெண்டு வருஷத்துல எனக்கு ஓய்வு. அதுவரைக்கும் என் ஜன்னல் இருக்கணும். உன் வாசல் வழியா என்னால வர முடியாது, எனக்குத் தனிக் கம்பி போடு. இல்லன்னா சங்கத்துல சொல்லுவேன்."

அவளை எழுப்பி அனுப்பினால் போதும் என்றிருந்தது. ஜன்னல் கம்ப்யூட்டரிலிருந்து நேராக உள்ளறை மெஷினுக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டேன். வாசலைத் தொடாமல். அரை நாள் வேலை, ஏணியில் நின்று கழுத்து வலி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆகஸ்டின் முதல் வெள்ளி. பூமித்தாய் பச்சமாமாவுக்கு வாய் திறந்திருக்கிற மாதம். அதனால் மெஷின்களுக்குப் படையல் போடாமல் ஓட்டக் கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். சென்ற முறை போடாததால்தான் கவிழ்ந்ததாம். மெமரி பற்றி நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்க அறிக்கையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எல்லோரும் கம்ப்யூட்டர் அறைக்குள். கரி மூட்டி வாசனைப் பொடி தூவினார்கள், புகை. கூரையில் இருக்கிற தீ எச்சரிக்கை மணி நல்லவேளையாக எப்போதோ செத்துவிட்டது. டைரக்டர் பீர் பாட்டிலைக் குலுக்கி அறையின் நாலு மூலையிலும் தெளித்தார். அப்புறம் வண்ணக் காகிதத் தூள், கை கையாக. நான் பாய்ந்து என் ஜாக்கெட்டைக் கழற்றிப் புது மெஷின் மேல் போர்த்தினேன்.

"என்னடா, அதுக்குக் குளிருதா?" என்றாள் ஃபிலோ அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"பழசுக்கும் போடுங்க டாக்டர்," என்றார் க்ரோவர். "ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடலன்னா கோச்சுக்கும்."

பழசின் தலையில் மொத்தமாகக் கொட்டினார்கள். அதன் கழுத்தில் காகிதச் சரமும் போட்டார்கள், புது மாப்பிள்ளை மாதிரி. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜாக்கெட். அறையெல்லாம் பீர் நாற்றம். பிறகு பிரஷ் வைத்து முடிந்தவரை எடுத்தேன்.

நான் இதையெல்லாம் நம்புகிறேனா? நம்பவில்லை. அப்படியானால் கடைசியில் யாரும் பார்க்காதபோது நானும் தரையில் கொஞ்சம் பீர் ஏன் ஊற்றினேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஓடுகிறது. இரண்டு மெஷினும் ஓடுகின்றன. கூட்டம் வந்தது, குடும்பம் குடும்பமாக வந்தது, கிழவன் வாசலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டான். உள்ளறைக்காரனுக்கு வியர்க்கவே இல்லை.

க்ரோவர் ரேடியோவில் பேசினார். "நாங்கள் திட்டமிட்டபடி" என்றார்.

அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கண் டாக்டரின் பத்து டோக்கனும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. யாருக்குப் போனது என்று பார்த்தேன். பெரும்பாலும் நல்ல சிக்னல் கிடைக்கிற, நல்ல போன் வைத்திருக்கிற, தார் ரோடு போட்ட பேட்டைகள். எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

நான் என்ன செய்திருக்கிறேன்? குளிரில் நிற்கக் கூடியவன் ஜெயிக்கிற வரிசையை எடுத்துவிட்டு, விலை உயர்ந்த போன் வைத்திருப்பவன் ஜெயிக்கிற வரிசையை வைத்திருக்கிறேன். ஒரு மெஷினா இரண்டு மெஷினா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இதை யோசிக்கவே இல்லையேடா!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாதி டோக்கன் போனில், பாதி ஜன்னலில். நான் கேட்டபோது டைரக்டர் முடியாது என்றார். ஃபிலோ அக்காவின் சங்கம் கேட்டை மறிப்போம் என்றதும் முடியும் என்றார். ஃபிலோ அக்கா கேட்டது தன் ஜன்னலுக்காக. எனக்கு வேண்டியதும் அதுதான். இந்த நாட்டில் நியாயம் இப்படித்தான் நடக்கிறதோ? இன்னொருவரின் சுயநலத்தின் முதுகில் ஏறி?

கற்கள் திரும்ப வந்துவிட்டன. முன்பைவிடக் குறைவு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மா கல் ஒன்பதாவது. ஜன்னலில் ஐந்துதான். சதை கருவிழி விளிம்பைத் தொட்டுவிட்டது. காலுறை விற்கும்போது இரண்டு நிறத்தை ஒரே ஜோடி என்று கட்டிக் கொடுத்துவிட்டாளாம். வாங்கினவள் திரும்பி வந்து சண்டை. அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆறு மணிக்குப் பக்கம் திறக்கவில்லை.

மினிபஸ்ஸிலேயே பார்த்துவிட்டேன். சுற்றவில்லை, ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இறங்கி ஓடினேன். இந்த உயரத்தில் ஓடக் கூடாது. படியேறியபோது மூச்சு இரைத்தது. ஜூலைபோல ஆகப் போகிறது, மறுபடி யாரோ விழப் போகிறார்கள் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

அறைக்குள் கிழவன் செத்துக் கிடந்தான். தொட்டால் சுடுகிறது. பக்கத்தில் புதியது தன்பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காதது மாதிரி.

கீழே ஓடினேன். ஃபிலோ அக்கா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சூடான சோளக் கஞ்சி அபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! போச்சு!"

"என்ன போச்சு? எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. ஏன்டா இப்படி இரைக்குது உனக்கு?"

தனிக் கம்பி. வாசலைத் தொடாமல் உள்ளறைக்குப் போகிற கம்பி. இவளை எழுப்பி அனுப்புவதற்காக நான் இழுத்த கம்பி.

"அக்கா, போன் டோக்கனையும் நீயே குடு. எல்லாத்தையும் ஜன்னல்லயே குடு."

"டைரக்டர்?"

"டைரக்டர் ஒம்போது மணிக்கு வருவார்."

அவள் அபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியைத் தட்டி, "வாங்க வாங்க, கல்லு வரிசைப்படி வாங்க!" என்றாள்.

கண் டாக்டருக்குப் பத்தும் ஜன்னலில். அம்மா கல் எட்டாவது. வழக்கமாக ஐந்தோடு முடிந்திருக்கும். அவள் டோக்கனை வாங்கி, ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் படித்துப் பார்த்துவிட்டு, மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவேயில்லை. ரொட்டிக்காரி பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கும் கிடைத்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை.

போனை நம்பி வீட்டில் இருந்தவர்கள் தாமதமாக வந்து திட்டினார்கள். நியாயமான திட்டுதான்.

மத்தியானம் கிழவனின் ஆடுகிற தகட்டைக் கழற்றினேன். காற்றாடியின் அச்சைச் சுற்றி ரோஜா நிறத்தில், மஞ்சள் நிறத்தில், பீரில் ஊறிக் காய்ந்து பசையான காகிதத் தூள். காற்றாடி அசையவில்லை. கிழவன் வெந்து நின்றுபோயிருக்கிறான்.

க்ரோவர் குனிந்து பார்த்தார். "பச்சமாமா ஒண்ணைத்தான் சாப்ட்டிருக்கா. ரெண்டுக்கும்தானே போட்டோம்?"

"இன்னொண்ணுக்கு என் ஜாக்கெட் இருந்துச்சு."

எல்லாம் ஒரே மெஷினாக இருந்திருந்தால்? அன்று அந்த ஒன்றின் தலையில்தான் மொத்தத்தையும் கொட்டியிருப்பார்கள். நானும் ஜாக்கெட் போர்த்தியிருப்பேன், அது வேறு. இல்லை, போர்த்தியிருப்பேனா? இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று இருந்ததால்தானே ஓடிப்போய்ப் போர்த்தினேன். ஒன்றுதான் என்றால் அவர்களோடு சேர்ந்து நின்று சிரித்திருப்பேனோ என்னவோ.

ஆக நான் சரியாக முடிவெடுத்தேனா? இல்லை, இந்த ஊர் என் முடிவைச் சுற்றி எப்படியோ தப்பித்துக்கொண்டதா? இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் கட்டு. வலி இல்லை என்கிறாள், பொய். யோசெலின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பதிலாகக் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறாள், தப்பு தப்பாக.

செப்டம்பர் 29, திங்கள்

ஒப்பந்தம் நாளையோடு முடிகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

கிழவனுக்குச் சந்தையில் ஒரு காற்றாடி வாங்கி மாட்டினேன். ஓடுகிறது. அது செத்தால் ஜன்னலில் எல்லா டோக்கனும் கொடுக்கலாம் என்று ஒரு பேப்பரில் எழுதி, டைரக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒன்றில் நான் போட்டுவிட்டேன்.

அறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் கல்லை வீட்டிலிருந்து கொண்டுவந்து முட்டுக் கொடுத்து, பிறகு மனசு வராமல் எடுத்து இரண்டு மெஷினுக்கும் நடுவில் வைத்தேன். க்ரோவர் வந்து பார்த்தார். நகப்பூச்சுப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது என்னடா?"

"மூணாவது மெஷின், சார்."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குப் படையல் போடவேண்டாம்னு சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நாளைக்கே கல்லைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். கட்டுப் பிரித்துப் பார்க்க மறுபடி டாக்டரிடம் போக வேண்டுமாம்.

"போன்ல எடுத்துத் தரேன்மா, அதான் சரியாயிடுச்சே," என்றேன்.

"நீ போன்ல பாரு ராசா. நான் கல்லைப் போட்டுடறேன்," என்றாள்.